நாரி நோவும் காற்றடைத்த பந்தும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் ஒரு சிறிய அறை. தரையில் நாலைந்து விரிப்புகள். சுவரோரமாக நீலமும் சாம்பலுமாக மூன்று பெரிய பந்துகள். ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிர்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி நாங்கள் அங்கு போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். என்னுடன் வந்தவர் எங்கள் தொடர்மாடியில் நாலாம் மாடியில் இருக்கும் ஓர் அக்கா. வயது ஐம்பத்தெட்டு. வலிகாமம் வடக்கில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம். 1990 இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள், 1995 ஒக்ரோபர் 30 இரவு இரண்டாம் தடவையும் நடந்தவர்கள், பின்னர் இடம் மாறி மாறிக் கடைசியில் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தவர்கள்.

அங்கிருந்த இயன்மருத்துவர் (பிசியோ என்று நாம் சொல்லுபவர்) ஓர் இளம் பெண். நீலப் பந்தை இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலைக்குள் உருட்டி வைத்துவிட்டு, "அன்ரி, இதில ஒருக்கா இருந்து பாருங்கோ, நான் பிடிச்சிருக்கிறன்" என்றார்.

"ஐயோ பிள்ளை, இது உருண்டுபோடும். சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமானில நான் ஏறி இருக்கிறதே?" என்று அக்கா சிரித்தார். ஆனால் இருந்தார். இரண்டு பாதங்களையும் நிலத்தில் ஊன்றி, கைகளைத் தொடையில் வைத்து, நிமிர்ந்து இருப்பதுதான் வேலை. ஒரு நிமிடத்தில் கால் நடுங்கத் தொடங்கியது. ஒரு குதியை மட்டும் சிறிது உயர்த்தச் சொன்னபோது நெற்றியில் வியர்வை வந்துவிட்டது. "ஒரு பாத்தி வெங்காயம் கிண்டின மாதிரிக் கிடக்கு" என்றார்.

சும்மா இருப்பதற்கு இவ்வளவு கஷ்டமா என்று அன்று எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. இருபது வருடங்களாக வந்து போகும் நாரி நோவுக்காக அக்கா செய்யாத வைத்தியம் இல்லை. எண்ணெய் பூசினார், ஒத்தணம் கொடுத்தார், பார்மசியில் பட்டி வாங்கிக் கட்டினார், மாதக்கணக்கில் படுத்தும் பார்த்தார். காற்றடைத்த பந்தில் ஏறி இருப்பதும் ஒரு வைத்தியம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இது என்ன, எங்கிருந்து வந்தது, தோட்டம் செய்து பழகிய உடம்புக்கு இது ஏன் தேவை என்பதை எமது வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆடுகால் ஆடினால்

துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தை நினைவில் வைத்திருப்போர் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். துலாவைத் தாங்கி நிற்பது ஆடுகால். பெயர்தான் ஆடுகால், அது ஆடினால் துலாவில் ஏற ஒருவரும் துணியமாட்டார்கள். மிதிப்பவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், பட்டை எவ்வளவு புதியதாக இருந்தாலும், ஆடுகால் இறுகி நிற்காவிட்டால் இறைப்பு நடக்காது.

எமது உடம்பில் ஆடுகாலின் வேலையைச் செய்வது நடு உடம்பு. கைகளும் கால்களும் துலாவைப் போல அசைகின்றன. அவை அசையும்போது முள்ளந்தண்டு தன் இடத்தில் நிற்கவேண்டும். அதை நிறுத்தி வைப்பது எலும்பு மட்டுமன்று. மேலே மூச்சுக்கு உதவும் பிரிமென்றகடு, கீழே சலத்தையும் மலத்தையும் அடக்கி வைத்திருக்கும் இடுப்பின் அடித்தசைகள், முன்னாலும் பக்கங்களிலும் வயிற்றைச் சுற்றிக் கட்டியதுபோல ஓடும் குறுக்குத் தசை, பின்னால் முள்ளந்தண்டு என்புகளை ஒன்றுடன் ஒன்று இணைக்கும் சிறு தசைகள். இவை நாலும் சேர்ந்து ஒரு பீப்பாவைப்போல நிற்கின்றன. உள்ளே அமுக்கம் சரியாக இருந்தால் மேலே மூட்டை ஏற்றலாம். ஒரு பக்கம் தொய்ந்துவிட்டால் பாரம் முழுவதும் என்பிலும் இடைத்தட்டிலும் போய் விழும்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஹொட்ஜஸ், கரோலின் றிச்சட்சன் என்னும் இரு இயன்மருத்துவ ஆய்வாளர்கள் 1996 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனைப் புரிந்துகொள்ள உதவியது. நாரி நோ உள்ள 15 பேரையும் இல்லாத 15 பேரையும் கையைச் சட்டென்று உயர்த்தச் செய்து, எந்தத் தசை எப்பொழுது இறுகுகிறது என்று மின்முனைகள் மூலம் பார்த்தார்கள். நோ இல்லாதவர்களிடம், கை அசைவதற்கு முன்னரே வயிற்றின் ஆழத்திலுள்ள குறுக்குத் தசை இறுகிவிட்டது. துலா மிதிக்க முன்னர் ஆடுகாலை இறுக்குவது போல. நாரி நோ உள்ளவர்களிடமோ அது பிந்தி இறுகியது. அவர்களது தசையில் பலம் இருந்தது, ஆனால் அது வேலைக்கு நேரத்துக்கு வரவில்லை.

இந்த ஒரு தசைக்கே எல்லாப் புகழையும் கொடுத்துவிடக்கூடாது என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் பலர் வாதிட்டனர். அது நியாயமான வாதம்தான். எனினும் நடு உடம்பை மெல்ல மெல்லப் பழக்கவேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் இயன்மருத்துவர்களிடையே பரவுவதற்கு அந்த ஆய்வு ஒரு காரணமாயிற்று.

தோட்டக்காரருக்கு ஏன் உடற்பயிற்சி?

"மண்வெட்டி பிடிச்ச ஆக்களுக்கு என்ன எக்சசைஸ்?" என்று எங்கள் பெரியவர்கள் கேட்பதுண்டு. ஊரில் இருந்த காலத்தில் அது சரியான கேள்வி. விடிய எழுந்து கிணற்றடிக்குப் போய், இறைத்து, பாத்தி மாறி, புல்லுப் பிடுங்கி, மாட்டுக்கு வைக்கோல் இழுத்துப் போட்டு வாழ்ந்தவரின் நடு உடம்பு ஒரு நாளில் நூறு விதமாக அசைந்தது. பிள்ளைப் பருவத்திலிருந்து படிப்படியாகப் பழகிய உடம்பு அது.

இடம்பெயர்ந்த பின்னர் நடந்தது வேறு. முகாமில் தறப்பாளுக்குக் கீழே குந்தியிருந்தோம். நிவாரண வரிசையில் மணிக்கணக்காக நின்றோம். கொழும்பில் லொட்ஜ் அறையில் ஒரே கட்டிலில் நாலு பேர் இருந்தோம். பொலிஸ் பதிவுக்கும் தூதரகத்துக்கும் போய்வருவதைத் தவிர வெளியே அசையாமல் மாதங்கள் கழிந்தன. அதற்குப் பிறகு பிழைப்புக்காகச் சிலர் புறக்கோட்டையில் நாட்டாமை வேலைக்குப் போய், பழக்கமில்லாத உடம்பில் ஐம்பது கிலோ மூட்டையை ஏற்றினார்கள். பெண்கள் லிஃப்ற் இல்லாத மாடிகளுக்கு அரிசியும் காஸ் சிலிண்டரும் சுமந்தார்கள். வருடக்கணக்காகச் சும்மா இருந்த உடம்பில் ஒரே நாளில் பாரம் ஏறினால் நாரி எப்படித் தாங்கும்?

காணி திரும்பக் கிடைத்த குடும்பங்களில் இன்னொரு விதமாக இது நடக்கிறது. அக்காவின் கணவர் (நாங்கள் அண்ணர் என்போம்) காணி விடுபட்டது என்று கேள்விப்பட்டதும் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனார். இருபத்தைந்து வருடப் பற்றைக்காடு. வேலியில்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. யாரையும் கூலிக்குப் பிடிக்காமல் மூன்று நாள் தானே கத்தியும் மண்வெட்டியுமாக நின்றார். இளவயதில் ஒரு பரப்பைத் தனியே கொத்தியவர் அல்லவா. நாலாம் நாள் காலை பாயிலிருந்து எழும்ப முடியவில்லை. பக்கத்துக் காணிக்காரர் தூக்கித்தான் ஓட்டோவில் ஏற்றினார்களாம். அவரது மனம் இருபத்தைந்து வருடங்களாக அந்த மண்ணிலேயே இருந்தது, உடம்பு இருக்கவில்லை. மண்ணைப் பண்படுத்துவதற்கு முன்னர் நாரியைப் பண்படுத்தியிருக்கவேண்டும்.

ஒரு தடுப்பு முகாமில் பிறந்த பயிற்சி

வெள்ளவத்தை அறையில் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளில் பெரும்பகுதி 'பிலாட்டீஸ்' என்று அழைக்கப்படுகிறது. கொழும்பில் இதனைப் பணக்காரரின் விளையாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதன் கதையைத் தேடிப் படித்த பின்னர் அந்த நினைப்பு மாறியது.

ஜோசப் பிலாட்டீஸ் 1883 இல் ஜேர்மனியில் பிறந்தவர். பிள்ளைப் பருவத்தில் நோஞ்சான். முட்டு வருத்தமும் என்புருக்கியும் அவரை வாட்டின. உடம்பைத் தேற்றுவதற்காகப் பலவிதப் பயிற்சிகளைக் கற்றார். முதலாம் உலகப் போர் மூண்டபோது அவர் பிரித்தானியாவில் பிழைப்புத் தேடி இருந்தார். எதிரி நாட்டுக் குடிமகன் என்று அவரைப் பிடித்து முதலில் லங்காஸ்ரரிலும் பின்னர் மான் தீவிலிருந்த நொக்கலோ முகாமிலும் அடைத்தார்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்த முகாம் அது. அங்கே குடிசைகளில், செய்ய ஒன்றுமில்லாமல், உடம்பும் மனமும் சோர்ந்து கிடந்தவர்களைப் பார்த்துத்தான் நிலத்தில் படுத்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளை அவர் ஒழுங்குபடுத்தினார். கருவி இல்லை, இடம் இல்லை, ஒரு விரிப்பளவு தரைதான். நோயாளிகளின் கட்டிலில் சுருள்கம்பிகளைக் கட்டி, படுத்தபடியே கைகால்களை இழுத்துப் பழக வைத்தார் என்றும் சொல்லப்படுகிறது.

அவரிடம் பயின்ற எவரும் 1918 ஆம் ஆண்டுக் கொள்ளைக் காய்ச்சலில் சாகவில்லை என்றும் ஒரு கதை உண்டு. அதை நம்பவேண்டிய அவசியமில்லை. பயிற்சியால் காய்ச்சல் வராமல் போகாது. ஆனால் முகாமில் முடங்கிய ஒரு மனிதர், முகாமில் முடங்கியவர்களுக்காக ஆக்கிய பயிற்சி இது என்பது எங்களுக்கு நெருக்கமான செய்திதான். 1920களில் அவர் நியூயோர்க் நகருக்குக் குடிபெயர்ந்து அங்கே பயிற்சிக்கூடம் நடத்தினார். ஆடற்கலைஞர்கள் பலர் காயங்களுடன் அவரைத் தேடி வந்தார்கள். 1967 இல் அவர் காலமானார். பிலாட்டீஸ் இயன்மருத்துவர் அல்லர். அவரது பயிற்சிகளில் கடுமையானவற்றை நீக்கி, நோயாளிக்கு ஏற்றபடி தணித்து, நாரி நோவுக்குப் பயன்படுத்துவது பின்னர் இயன்மருத்துவர்கள் செய்த வேலை.

பந்து அதற்குப் பின்னர் வந்தது. 1963 இல் அக்விலினோ கொசானி என்ற இத்தாலியப் பிளாஸ்ரிக் உற்பத்தியாளர் பெரிய, வலுவான காற்றுப்பந்துகளைச் செய்தார். சுவிற்சர்லாந்தில் வேலை செய்த மேரி குவின்ரன் என்ற பிரித்தானிய இயன்மருத்துவர், மூளைவாதம் போன்ற குறைகளோடு பிறந்த குழந்தைகளை அந்தப் பந்தில் கிடத்தி, மெல்ல உருட்டி, அவர்களது உடம்பைச் சமநிலைக்குப் பழக்கினார். பாசல் நகரில் சுசான் கிளைன் ஃபோகல்பாக் என்ற இயன்மருத்துவர் அதனை வளர்ந்தவர்களின் முதுகு, மூட்டு நோய்களுக்கும் பயன்படுத்தினார். அங்கே பார்த்துவிட்டுப் போன அமெரிக்கர்கள் வைத்த பெயர்தான் 'சுவிஸ் பந்து'.

நீங்கள் வீட்டில் தொடங்கக்கூடியவை

அக்காவுக்கு முதல் மூன்று வாரமும் பந்தைக் கொடுக்கவில்லை. அன்று இருத்திப் பார்த்தது அவரது சமநிலையை அறிவதற்காக மட்டுமே. பயிற்சி தரையில்தான் தொடங்கியது. மெல்லிய பஞ்சு மெத்தையில் செய்யக்கூடாது. பனம்பாயில் ஒரு போர்வையை மடித்துப் போட்டால் போதும்.

முதலாவது பயிற்சி பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்துப் பாதங்களை ஊன்றுங்கள். விரல் நுனிகளை இடுப்பெலும்பின் முன்முனைகளுக்குச் சற்று உட்புறமாக வையுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி, சலத்தை அடக்குவது போலக் கீழ்வயிற்றை மெல்ல உள்ளே இழுங்கள். விரலுக்குக் கீழே ஏதோ இலேசாக இறுகுவது தெரியும். அதுதான் அந்தக் குறுக்குத் தசை. வயிறு புடைத்தாலோ, மூச்சு நின்றாலோ, நாரி நிலத்தில் அழுந்தினாலோ பலமாகச் செய்கிறீர்கள் என்று பொருள். முழுப் பலத்தில் கால்வாசி போதும். சாதாரணமாக மூச்சு விட்டபடி பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை. அக்காவுக்கு இது பிடிபட நாலு நாள் சென்றது. வயிற்றை இறுக்கு என்றதும் மூச்சைப் பிடித்துக்கொள்வது அவரது வழக்கம். பாரம் தூக்கும் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது.

அது பிடிபட்ட பின்னர் பாலம். அதே நிலையில் மூச்சை விட்டபடி இடுப்பை மெல்ல உயர்த்தி, தோளிலிருந்து முழங்கால்வரை ஒரே கோடாக வைத்து ஐந்து எண்ணி இறக்குவது. அடுத்து நாலுகாலில் நின்று, வலக் கையை முன்னும் இடக் காலைப் பின்னும் நீட்டி எட்டு எண்ணி, பிறகு மாறிச் செய்வது. முதுகு சரியக்கூடாது. இயன்மருத்துவர் அக்காவின் நாரியில் ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் அரைவாசி தண்ணீர் வைத்துச் செய்யச் சொன்னார். முதல் நாள் விரிப்பு முழுவதும் தண்ணீர். இரண்டு வாரம் கழித்து ஒரு துளி சிந்தவில்லை. மூன்றாவது, பக்கவாட்டில் படுத்து முழங்கையையும் மடித்த முழங்காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்துவது. இந்த மூன்று வகைக்கும் சேர்த்து இருபது நிமிடம்கூடச் செல்லாது. கொட்டாஞ்சேனையில் அக்கா இதைச் செய்வது கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையே உள்ள ஒரு பாயளவு இடத்தில்.

செய்யும்போது தசை உளைவது வழமை. ஆனால் நோ காலுக்குள் இறங்கினாலோ, பாதம் விறைத்தாலோ உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே காலுக்கு இறங்கியிருந்த நோ நாட்செல்ல மேலேறி நாரிப் பக்கமாகச் சுருங்கி வருமானால் அது நல்ல அறிகுறி. நாரி கொஞ்சம் கூட நொந்தாலும் பயப்படத் தேவையில்லை.

பந்து பற்றி

தரையில் நன்றாகச் செய்ய முடிந்தவருக்குத்தான் பந்து. நிலம் அசையாது, பந்து அசையும். அந்த அசைவைச் சமாளிக்க நடு உடம்பின் தசைகள் ஓயாமல் சிறிது சிறிதாக வேலை செய்கின்றன. அதுதான் பந்தின் பயன். அதில் நிமிர்ந்திருந்து ஒரு குதியை உயர்த்துவது, பின்னர் பாதத்தை உயர்த்துவது, பின்னர் எதிர்க் கையையும் சேர்ப்பது. மல்லாந்து படுத்துக் கெண்டைக்கால்களைப் பந்தில் வைத்து இடுப்பை உயர்த்துவது. இவ்வாறு படிப்படியாகப் போகும்.

வாங்குவதானால் அளவு பார்த்து வாங்கவேண்டும். ஐந்தடி முதல் ஐந்தரை அடிவரை உயரமுள்ளவருக்கு 55 சென்ரிமீற்றர், அதைவிட உயரமானவருக்கு 65 சென்ரிமீற்றர் பந்து பொதுவாகப் பொருந்தும். ஏறி இருந்தால் முழங்கால் இடுப்பின் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கவேண்டும். குத்துப்பட்டாலும் ஒரேயடியாக வெடிக்காமல் மெல்லக் காற்றிறங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். மாபிள் தரையில் வழுக்கும், ஆகவே கீழே விரிப்புப் போட்டு, காலில் சொக்ஸ் இல்லாமல் இருங்கள். சேலை, சாறம் தடக்கும். சமநிலை குறைந்த முதியவர்கள் ஆள் துணையின்றி ஏறவே கூடாது. நாரி நோவுக்காக ஏறி, விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் என்ன பயன்? கதிரைக்குப் பதிலாக நாள் முழுவதும் பந்தில் இருப்பது நல்லது என்று சிலர் சொல்வதற்கும் போதிய ஆதாரம் இல்லை.

பந்து வாங்க வசதியில்லையே என்று கவலைப்படுவோருக்கு ஒரு செய்தி. பிலாட்டீஸ் பற்றி நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2015 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது நோவையும் இயலாமையையும் குறைக்கிறது என்றும், ஆனால் மற்றைய உடற்பயிற்சிகளைவிட அது மேலானது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றும் கூறியது. பந்தோ பாயோ, ஒழுங்காகச் செய்வதில்தான் விடயம் இருக்கிறது. வெறும் நடைக்கும் பலன் உண்டு. 2024 இல் லான்செற் மருத்துவ சஞ்சிகையில் வந்த அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், நாரி நோ வந்து குணமான 701 பேரில் ஒரு பகுதியினருக்கு இயன்மருத்துவர்கள் நடைப்பயிற்சியைப் படிப்படியாக ஒழுங்கு செய்து கொடுத்தார்கள். அவர்களுக்கு நோ திரும்ப வருவதற்கு நடுவளவாக 208 நாட்கள் சென்றன. மற்றவர்களுக்கு 112 நாட்கள். வெள்ளவத்தையில் இருப்போருக்குக் கடற்கரையோரம் மரைன் டிரைவ் இருக்கிறது. மாலையில் அங்கே நடக்கக் காசு கேட்பார் இல்லை.

படுக்கையும் பட்டியும்

நாரி பிடித்தால் படுத்துவிடவேண்டும் என்பது எங்கள் ஊரில் ஊறிப்போன எண்ணம். ஹெல்சிங்கி மாநகர ஊழியர்கள் 186 பேரை வைத்து 1995 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதற்கு மாறாகச் சொன்னது. புதிதாக நாரி பிடித்தவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு நாள் படுக்க வைத்தார்கள், ஒரு பகுதியினருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள், மற்றவர்களை இயன்றளவு வழமையான வேலையைச் செய்யச் சொன்னார்கள். விரைவாகத் தேறியவர்கள் மூன்றாவது கூட்டத்தினர்தான். ஆகவே, பிடித்த முதல் நாட்களில் படுக்கையும் வேண்டாம், பயிற்சியை அவசரப்பட்டுத் தொடங்கவும் வேண்டாம். வீட்டுக்குள் நடமாடுங்கள். நடு உடம்புப் பயிற்சி என்பது கடுப்புத் தணிந்த பின்னர், அது திரும்ப வராமல் இருப்பதற்காக.

பட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2023 இல் உலக சுகாதார நிறுவனம் நீண்டகால நாரி நோவுக்கான வழிகாட்டலை வெளியிட்டது. உடற்பயிற்சியையும், நோயைப் பற்றி நோயாளிக்கு விளங்கப்படுத்துவதையும் அது பரிந்துரைத்தது. நாரிப் பட்டி கட்டுவதையும் இழுவைச் சிகிச்சையையும் வழமையாகக் கொடுக்கவேண்டாம் என்றது. அக்காவிடம் மூன்று பட்டிகள் இருந்தன. எண்ணெயும் ஒத்தணமும் இதமாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அதோடு நின்றுவிடக்கூடாது என்பதுதான் விடயம்.

யார் தாமாகத் தொடங்கக்கூடாது?

சலம் மலம் போவது தெரியாமல் போனால், அடக்க முடியாவிட்டால், இருக்கும் இடம் விறைத்தால், கால் பலமிழந்து இழுபட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மறுநாள்வரை பார்க்கக்கூடாது. காய்ச்சலோடு வரும் நாரி நோ, இரவில் படுத்திருக்கும்போது கூடும் நோ, காரணமின்றி உடம்பு மெலிதல், முன்னர் காசநோயோ புற்றுநோயோ இருந்தமை, முதியவர் விழுந்தபின் வரும் நோ ஆகியவற்றையும் முதலில் வைத்தியருக்குக் காட்டவேண்டும். எலும்பு தேய்ந்து மெலிந்த பெண்கள் முன்னால் வளைந்து சுருண்டு எழும் பயிற்சிகளைத் தவிர்க்கவேண்டும். கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற தாய்மாரும் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

எமது வாசகர்களில் சிலர் உடம்பில் செல் துண்டுகளுடன் வாழ்கிறார்கள். எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னால், காயப்பட்டது எவ்வளவு பழைய கதையாக இருந்தாலும், எந்த இடத்தில் துண்டு இருக்கிறது என்பதை வைத்தியரிடமும் படம் எடுப்பவரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடியது. முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கு இங்கே எழுதியுள்ள பயிற்சிகள் பொருந்தா. அவர்களுக்குத் தனியான திட்டம் வேண்டும்.

தனியார் நிலையங்களில் பணம் செல்லும். அரசாங்க வைத்தியசாலைகளில் இயன்மருத்துவம் இலவசம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும், யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைகளிலும் இயன்மருத்துவப் பிரிவுகள் உண்டு. ராகமையில் இதற்கென்றே புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரைக் கண்டு, "பிசியோவுக்கு எழுதித் தாருங்கள்" என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் குளிசை மட்டும் கிடைத்து வீடு வருவதும் உண்டு. தனியாரிடம் போவதானால் அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்த இயன்மருத்துவரா என்று கேட்பதில் வெட்கமில்லை. பந்து வைத்திருப்பவரெல்லாம் இயன்மருத்துவர் அல்லர். கேட்க இன்னொரு விடயமும் உண்டு: "வீட்டில் செய்ய எழுதித் தருவீர்களா?" அக்கா மொத்தம் ஐந்து தடவைதான் வெள்ளவத்தைக்குப் போனார். மிகுதி முழுவதும் ஒரு கொப்பித் தாளில் படம் கீறிக் கொடுத்ததைப் பார்த்து வீட்டில் செய்தது.

காணிக்குத் திரும்புமுன்

அண்ணருக்கு நோ தணிந்த பிறகு அவரும் அந்தக் கொப்பித் தாளை வைத்துத் தொடங்கினார். கொழும்பில் ஆறு வாரம் செய்தார். முதலில் வெட்கம், கதவைப் பூட்டிக்கொண்டுதான் செய்வார். அவரோடு ஒருமுறை நானும் போயிருந்தபோது, தோட்ட வேலையை எப்படித் தொடங்குவது என்று அந்தப் பிள்ளை விரிவாகச் சொன்னார். பாடசாலையில் படித்துவிட்டு வந்த நகரத்துப் பிள்ளைக்கு மண்வெட்டி பற்றி என்ன தெரியும் என்று அண்ணர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க முகம் திரும்பியது.

இரவில் படுத்திருக்கும்போது முள்ளந்தண்டின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுகின்றன. அதனால் விடியற்காலையில் குனிவது நாரிக்குக் கூடிய அழுத்தம். நாரி நோ உள்ளவர்கள் எழுந்த முதல் சில மணித்தியாலங்களில் குனிவதைக் குறைத்தபோது நோ குறைந்ததை 1998 இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. விடிய நாலு மணிக்கு எழும்பித் தோட்டத்துக்குப் போகும் எங்களுக்கு இது முக்கியமான செய்தி. எழும்பியவுடன் புல்லுப் பிடுங்கக் குனியாதீர்கள். முதலில் நடந்து வேலியைப் பாருங்கள், மாட்டை அவிழ்த்துக் கட்டுங்கள், தண்ணீர் மாறுங்கள். குனியும் வேலையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். களை எடுக்கும்போது ஒரு சிறு பலகைக்கட்டையில் இருந்து எடுக்கலாம். மண்வெட்டிப் பிடி குட்டையாக இருந்தால் நீட்டுப் பிடி போடுங்கள். அரை மணித்தியாலம் கொத்தினால் நிமிர்ந்து, கைகளை நாரியில் ஊன்றி நாலைந்து தடவை பின்னால் வளையுங்கள். மூட்டையைத் தூக்கும்போது உடம்போடு அணைத்து, கீழ்வயிற்றை மெல்ல இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள். முதல் பயிற்சியில் பத்து எண்ணிப் பழகியது இந்த ஒரு கணத்துக்காகத்தான். பெண்களுக்கும் இதே கதைதான். ஈர்க்குக் கட்டால் குனிந்து கூட்டுவதைவிடத் தும்புத்தடி நல்லது. திருவலையில் இருந்து எழும்பும்போது கையை ஊன்றி எழும்புங்கள்.

வேலையின் அளவை அவர் நாட்கணக்கில் பிரித்துக் கொடுத்தார். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் கொத்துவது. மறுநாள் விடிய உளைவு கூடாவிட்டால் அடுத்த வாரம் கால் மணித்தியாலம் கூட்டுவது. கூடினால் முந்தின அளவுக்குத் திரும்புவது.

அண்ணர் இப்போது ஊரில். சென்ற கிழமை அக்கா தொலைபேசியில் அவரை விசாரித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கொத்தினீர்கள், பயிற்சி செய்தீர்களா என்ற இரண்டு கேள்விகளும் மாறி மாறி வந்தன. நாலு பாத்தி வெங்காயம் மட்டும் நட்டிருப்பதாக அவர் சொன்னாராம். காணியின் மற்றப் பக்கம் இன்னும் பற்றையாகத்தான் கிடக்கிறது. "அது கிடக்கட்டும், மாரி முடியப் பாப்பம்" என்று அக்கா சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டுப் பாயை விரித்தார்.